மாமா கடையில் இரண்டு வருஷம்

பி.காம் முடித்து இரண்டு வருஷம் கழித்துத்தான் நான் முதன்முதலாக ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி போனில் ஒரு மாதிரியை அனுப்பியிருந்தாள். அதில் பெயருக்கும் படிப்புக்கும் கொஞ்சூண்டு இடம். வேலை அனுபவத்துக்கு முக்கால் பக்கம். ஓரத்தில் திறமைகள் என்று வரிசையாகப் புள்ளிகள். தலைமைப் பண்புக்கு எத்தனை, பொறுமைக்கு எத்தனை என்று ஐந்துக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். பொறுமைக்கு நான்கு போட்டேன். அம்மா வந்து ஏதோ கேட்டதற்கு வள்ளென்று விழுந்துவிட்டு, அதை மூன்றாகக் குறைத்தேன்.

அந்த முக்கால் பக்கத்தில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. வேலை செய்யாமல் ஒன்றும் இருக்கவில்லை. காரமடையில் என் தாய்மாமாவுக்குப் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. கடைசிப் பரீட்சை எழுதிய மறுவாரம், ரிசல்ட் வருகிற வரைக்கும் கடையில் வந்து உட்காரச் சொன்னார். ரிசல்ட் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் போன் அடிக்க ஆரம்பிக்கும். யார் வீட்டு விசேஷம், எந்த மண்டபம், எத்தனை பேருக்குச் சாப்பாடு, முதல் நாள் சாயங்காலமே வண்டி வர வேண்டுமா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வேன். போன பாத்திரம் திரும்பி வரும்போது எண்ணி வாங்க வேண்டும். அண்டா தொலையாது. கரண்டிதான் தொலையும். நீங்கள் கொடுத்ததே அவ்வளவுதானுங்க என்று மரியாதை குறையாமல் சண்டைக்கு வருவார்கள். நானும் மரியாதை குறையாமல் கரண்டிக்குக் காசு வாங்கிவிடுவேன்.

ஒரு முகூர்த்தத்தில் மேடையில் போடும் ஒரே சோபாவை இரண்டு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டு மாமா விழிபிதுங்கி நின்றார். நான் ஒரு வீட்டாரிடம் பேசி, முதல் நாள் வரவேற்புக்கு மட்டும் அந்த சோபாவை வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்தேன். காலை முகூர்த்தத்துக்குப் பூ அலங்காரம் செய்த நாற்காலிதான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள் என்று அளந்துவிட்டேன். சோபா பொழுது விடிவதற்குள் அடுத்த மண்டபத்தில் இறங்கிவிட்டது. இதையெல்லாம் சொன்னபோது தோழி ஒரே வரியில் 'இன்வென்டரி மற்றும் கிளையன்ட் மேனேஜ்மென்ட்' என்று போட்டுக் கொடுத்தாள். படித்துப் பார்த்தால் வேறு யாரோ செய்ததுபோல இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சம்பளம் என்று ஒன்று கிடையாது. வேண்டியதைக் கல்லாவில் எடுத்துக்கொள், இது உன் கடைதானே என்பார் மாமா. மனதாரத்தான் சொல்வார். நான் எடுத்ததெல்லாம் பஸ்ஸுக்கும் போன் ரீசார்ஜுக்கும்தான். தீபாவளிக்குப் பட்டுப்புடவை வரும், அத்தைக்குப் பிடித்த நிறத்தில். வீட்டுக்கு வருகிறவர்கள் பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்டால், சும்மாத்தான் இருக்குதுங்க என்பாள் அம்மா. அப்போதுதான் நான் ஒரு வண்டிப் பாத்திரத்தை எண்ணி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதம் பிறந்தால் என் பெயரில் ஒரு தொகை விழ வேண்டும், கேட்கிறவர்களிடம் வேலைக்குப் போகிறேன் என்று நானே வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ரெஸ்யூமோடு ஓர் அனுபவக் கடிதமும் இருந்தால் நல்லது என்றாள் தோழி. மாமாவிடம் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா புள்ளைய வேலைக்கு வெச்சிருந்தேன்னு நானே எழுதிக் குடுக்கறதா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க கண்ணு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள், மேலே ரங்கநாதர் படம் போட்ட கடை லெட்டர்பேடில் கடிதத்தை டைப் செய்து, சீல் குத்தி, கவரில் போட்டுக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் நான் கடையின் நிர்வாகப் பங்குதாரர். மாமாவைப் பொறுத்தவரை அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் சொந்தபந்தம் ஒரு தொழிலில் இருந்தால் முதலாளியாகத்தான் இருக்க வேண்டும். ஆள் என்பது வெளியாருக்கு உண்டான சொல்.

அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போன முதல் கம்பெனியில் எனக்கு நாற்காலி சூடாகக்கூட நேரமில்லை. சொந்தத் தொழிலை விட்டுவிட்டு இங்கே எதற்கு வருகிறீர்கள், இரண்டே மாதத்தில் போய்விடுவீர்கள் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கடிதத்தை பீரோவில் போட்டேன். ரெஸ்யூமில் தோழி எழுதிய வரியையும் அழித்துவிட்டு, அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று அடித்தேன். கோபத்தில் செய்ததுதான். கடைக்குப் போவதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று அம்மா மாமாவிடம் சொல்லி வைத்தாள்.

அடுத்து பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் கூப்பிட்டார்கள். வெளியூர் ஆர்டர்களைப் போனில் வாங்கி, சரக்கு போய்ச் சேரும் வரை பின்தொடரும் வேலை. ஆளெடுக்கும் அம்மா ரெஸ்யூமைப் பார்த்தார், வெற்று முக்கால் பக்கத்தைப் பார்த்தார், இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மாமா கடையில் இருந்தேன் என்றேன். கோயமுத்தூரில் எல்லோருக்கும் கம்பெனி வைத்திருக்கும் மாமா ஒருவர் இருக்கிறார், எல்லோரும் கடிதமும் கொண்டுவருகிறார்கள், உங்களுடையது எங்கே என்றார். இருக்கிறது, ஆனால் அதில் நான் முதலாளியாக இருக்கிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடத்தில் நான் 'கம்பெனி வழக்கப்படி' என்று எழுதியிருந்தேன். அதன் மேல் பேனாவால் தட்டிக்கொண்டே மாமாவின் நம்பரைக் கேட்டார். என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் கடையில் இவர் என்ன வேலை செய்தார் என்று விசாரித்தார்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்கக்கா மகளுங்க அது. சும்மா ஒத்தாசைக்கு வந்துட்டுப் போகும். நம்மூட்டுப் புள்ளைகிட்டப் போயி வேலை வாங்குவமுங்களா?"

அங்கேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. என் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மனுஷன் என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனை வைக்கவில்லை. அப்படியானால் இப்போது கடையில் அதையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

"இப்ப அம்மணி வாரதில்லீங்களே. ரெண்டு ஆளப் போட்டிருக்கறனுங்க. ஒருத்தரு போனுக்கு, ஒருத்தரு பாத்திரம் எண்றதுக்கு. சம்பளம் குடுத்தும் ஒண்ணும் ஆவலீங்க. போன முகூர்த்தத்துல ஒரு அண்டாவே காணமுங்க."

நன்றி சொல்லி அந்த அம்மா போனை வைத்தார். ரெஸ்யூமில் 'இல்லை' என்பதைப் பேனாவால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'இரண்டு வருஷம்' என்று எழுதினார். வேலை உங்களுக்குத்தான், திங்கட்கிழமை வாருங்கள், சம்பளம் பேசிக்கொள்ளலாம் என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது, இரண்டு ஆள், சம்பளம் என்பது மட்டும்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனேன்.

மாமா கல்லாவில் இருந்தார். போன் எடுக்கிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றேன். நான் உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசினேன் பார்த்தாயா என்று அவருக்கு ஒரே பெருமை. ஆமாங்க மாமா என்றேன். பிறகு, அந்த இரண்டு பேருக்கும் என்ன சம்பளம் என்று கேட்டேன். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் என்று சட்டென்று சொன்னார். சொல்லிவிட்டு, அடுக்கி வைத்திருந்த சேர்களைப் பார்த்தார்.

"நீ ஒரு நாளும் கேக்கலியே கண்ணு."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கே அப்போதுதான் தோன்றியிருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா, முகம் சுருங்கியிருக்குமா, இரண்டும் நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை என்பது நிஜம். அவர் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. மாமா கையை நீட்டுவதற்குள் நான் எடுத்துவிட்டேன். எந்த மண்டபம், எத்தனை சேர் என்று கேட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா அதே தாளை எடுத்து வைத்தார். 'கம்பெனி வழக்கப்படி' என்ற இடத்தைக் காட்டி, இப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "இருபத்தி நாலாயிரம் வேணுமுங்க."