ஒரு சுவெற்றரும் பன்னிரண்டு பொய்யும்

போன கிழமை மட்டக்களப்பு ரவுனில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் கம்பளிக் கோட்டு தொங்குவதைக் கண்டேன். வெளியில் நிற்கிற எனக்கு வேர்வை முதுகால் வழிகிறது. உள்ளே ஒரு பொம்மை கழுத்து வரைக்கும் பஞ்சடைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பாவம் என்று உள்ளே போனேன். கடையில் நின்ற பிள்ளை ஓடி வந்து, “எந்த நாட்டுக்கு அன்ரி?” என்றாள். நான் எந்த நாட்டுக்கும் போகவில்லை, சும்மா தொட்டுப் பார்க்க வந்தேன் என்றதும் அவளுடைய முகம் சுருங்கிவிட்டது. நான் கோட்டின் கையைத் தூக்கி மூக்கில் வைத்தேன். வெறும் பிளாஸ்ரிக் மணம். கம்பளி என்றால் அலுமாரிப் பூச்சி உருண்டை மணக்க வேண்டாமா? அந்தப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். இந்தக் கிழவிக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

உங்களுக்குச் சொல்கிறேன், எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் குளிர் என்ற சாமானே கிடையாது. மார்கழி மழையில் ஒரு போர்வையை இழுத்து மூடுவோம். விடிவதற்குள் அதையும் காலால் உதைத்துவிடுவோம். அப்படிப்பட்ட ஊரில் பதினைந்து வயதில் நான் ஒரு கம்பளிச் சட்டைக்காக நாயாய் அலைந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. நுவரெலியாவுக்கும் மேலே ஏதோ ஒரு மலைவெளியில் நான்கு நாள் முகாம் என்று எங்கள் பள்ளிக்கூடச் சாரணியர் குழுவுக்கு அழைப்பு வந்திருந்தது.

குழுவை நடத்தியவர் டொரீன் மிஸ். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பெண்மணி. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர். நல்ல உயரம், ஆண்கள் ஓடுகிற சைக்கிள், ஏசத் தொடங்கினால் சந்தை வரைக்கும் கேட்கிற தமிழ். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலை வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து வருவது சட்டம்.

“கேளுங்க பிள்ளைகள். பன்னிரண்டு பேர் இல்லாட்டி முகாமில இடம் தரமாட்டாங்க. நாம சரியாப் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை எல்லாற்ற பையையும் நான் பார்ப்பன். கம்பளிச் சட்டை இல்லாத ஆள் பஸ் ஏறேலா. ஒருத்தி நிண்டா எல்லாரும் நிண்ட மாதிரித்தான்.”

அது வரைக்கும் நான் கரடியனாற்றைத் தாண்டியதில்லை. மலை என்றால் படத்தில் கண்டதுதான். இப்போது ஒரு சட்டைக்காக நானும் போகாமல், மற்றப் பதினொரு பேரையும் நிற்பாட்டி வைக்கப் போகிறேன்!

அப்பா தபால் கந்தோரில் வேலை. பேச்சுக் குறைந்த மனிதர். எதையும் பொறுப்பார், பொய்யை மட்டும் பொறுக்கமாட்டார். சின்னதில் நான் பல் துலக்காமல் துலக்கினேன் என்று சொன்னதற்காக இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர். முகாமுக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும்போது, “எல்லாச் சாமானும் இரிக்கா?” என்று கேட்டார்.

“ஓமப்பா, கிட்டத்தட்ட.”

“இல்லாட்டி இல்லையெண்டு சொல்லு. சும்மா பொய்க்குப் போகாத.”

இதற்கிடையில் வீட்டில் பை கட்டும் திருவிழா தொடங்கியிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்த குளிர் ஒன்றே ஒன்றுதான்: மலேரியாக் குளிர். சின்ன வயதில் அவவைப் பிடித்து ஆட்டிய குளிர் அது. குளிர் வந்தால் பின்னால் காய்ச்சல் வராமல் போகுமா? ஆகவே என்னுடைய கித்தான் பைக்குள் முதலில் போனவை கொத்தமல்லி, வேர்க்கொம்பு, திப்பிலி, நெற்றிக்குப் போட ஒரு துணி, வாந்தி வந்தால் சத்தி எடுக்க ஒரு சருவச் சட்டி.

“அம்மா, நான் முகாமுக்குப் போறன், ஆசுபத்திரிக்கில்ல.”

“நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்? நடுங்கக்குள்ளதான் என்னை நினைப்பாய்.”

அடுத்த நாள் வவுணதீவிலிருந்து பெரியப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் அண்ணன், வேளாண்மைக்காரர். மகள் குளிருக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டுத் தோணியில் இரண்டு சாக்கு வைக்கோல் கொண்டுவந்திருந்தார். நான் சொல்வது பகிடியில்லை, வைக்கோல்.

“மார்கழி மழைக்க எங்கட வயல் வட்டையில காவலுக்குப் படுத்தவன் நான். குளிர் மேலால வாறல்ல மனே, கீழால வாற. வைக்கலப் போட்டுப் படு, ராசாத்தி மாதிரி நித்திரை வரும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அம்மா அடுக்கியதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பைக்குள் வைக்கோலை அமத்தினார். அம்மா சந்தைக்குப் போய் வந்து பார்த்தா. வைக்கோலை இழுத்து வெளியே போட்டுக் கொத்தமல்லியை உள்ளே வைத்தா. பெரியப்பா தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடியும் வைக்கோல். இப்படியே ஐந்து தரம். கடைசியில் சமாதானமாகி, சருவச் சட்டிக்குள் மருந்து, சட்டியைச் சுற்றி வைக்கோல் என்று முடித்தார்கள். பட்டியலில் இருந்த சாமான்களுக்குப் பைக்குள் இடமே இல்லை. கம்பளிச் சட்டையைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. நான் சொன்னபோது பெரியப்பா, “அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு” என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

மற்ற வீடுகளிலும் இதே கூத்துத்தான். வெள்ளிக்கிழமை இடைவேளையில் கணக்கெடுத்தோம். பன்னிரண்டு பேர், சுவெற்றர் பூச்சியம். சிலர் அழத் தயாராகிவிட்டார்கள். அப்போதுதான் புஷ்பம் வாயைத் திறந்தாள். அவளுடைய மாமா உடுப்புக் கழுவுகிற லோன்றி ஒன்று வைத்திருந்தார். “மாமாட கடையில ஒண்டு கழுவக் கிடக்குகா. பச்சை நிறம். ஆம்பிளைச் சுவெற்றர்.”

ஒன்றா? பன்னிரண்டு பேருக்கு ஒன்றா? ஏன் முடியாது? மிஸ் ஒவ்வொருத்தியாகத்தானே உள்ளே கூப்பிடப் போகிறார்! வகுப்புக்கு இரண்டு கதவு, பின்னால் ஒரு யன்னல். ஒருத்தி காட்டிவிட்டுப் பின்கதவால் வெளியே வருவாள், சுற்றி ஓடி வந்து வரிசையில் நிற்பவளிடம் கொடுப்பாள். பிறகென்ன, வாவிக்கரையில் நின்று பள்ளிக்கூடப் பாவாடை ஒன்றைச் சுருட்டி ஒத்திகையும் பார்த்தோம். எனக்கு அப்பா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் அது பின்னுக்குப் போய்விட்டது. அதுதான் உண்மை.

புஷ்பத்தின் மாமா சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தருவதாகச் சம்மதித்தார். யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. “ஒரு பொட்டுக் கறை பட்டாலும் என்ர கடையைப் பூட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான்” என்று கும்பிட்டுத் தந்தார். கரும்பச்சைச் சுவெற்றர், இடது முழங்கையில் மண்ணிறத் துண்டு வைத்துத் தைத்திருந்தது.

சனிக்கிழமை. புஷ்பம் முதலில் போனாள். மிஸ் சுவெற்றரைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆர்ர?” என்று கேட்டார். “மாமாட மிஸ்.” சரி அடையாளம் விழுந்தது. புஷ்பம் வெளியே வந்து ஓடினாள். இரண்டாவதாகப் போனவளின் சுவெற்றர் கொழும்பிலிருக்கிற பெரியண்ணனுடையது. மூன்றாவது, ரெயில்வேயில் வேலை செய்கிற சித்தப்பாவினுடையது. நான்காவது செட்டிபாளையத்தில் கடலில் மிதந்து வந்ததாம்! அதைச் சொன்னவளை வெளியே வந்ததும் நாங்கள் தலையில் குட்டினோம். ஆறாம் ஆளுக்குப் பிறகு சுவெற்றர் எங்கள் வேர்வையில் கொதகொதவென்று இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேர் கிணற்றடியில் குந்தியிருந்தார்கள்.

நான் ஒன்பதாவது. நல்ல கதையொன்று கட்டி வைத்திருந்தேன், பேராதனையில் படிக்கிற ஒரு மச்சானை உண்டாக்கி. மிஸ்ஸின் கண்ணைக் கண்டதும் மச்சான் ஓடிவிட்டான்.

“ஆர்ர சுவெற்றர்?”

“அப்பாட மிஸ்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஊரில் எத்தனை ஆட்கள்! அந்தப் பொய்யை ஏற்றுவதற்கு எனக்குக் கிடைத்தது என் அப்பாதானா? மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். என் அப்பாவை ஞாயிறு தோறும் மாதா கோயிலில் பார்க்கிறவர் அவர். அப்பா குள்ளமான மனிதர். என் கையில் பிடித்திருந்த சுவெற்றரோ முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

“அப்பாவுக்கு இது பெரிசில்லையா?”

“மழையில நனைஞ்சு நீண்டு போச்சு மிஸ்.”

“ஓம். கம்பளி நீளும்தான்” என்று சரி போட்டார்.

எல்லாம் முடிந்ததும் விறாந்தைக்கு வந்து நின்று எங்களை ஒருமுறை பார்த்தார். “பன்னிரண்டு பேரும் பாஸ். மட்டக்களப்பில இவ்வளவு சுவெற்றர் இரிக்கெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு.” அவருடைய சைக்கிள் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். பிறகு விழுந்து விழுந்து சிரித்தோம். எவ்வளவு கெட்டிக்காரிகள் நாங்கள்!

திங்கள் விடிய பஸ் புறப்பட்டது. என் பை மட்டும் வைக்கோல் போர் மாதிரி உள்ளே போக மறுத்ததால் பஸ்ஸின் பின் ஏணியில் கட்டினார்கள். மகாஓயாவில் தேத்தண்ணிக்கு இறங்கித் திரும்பி வந்தபோது ஒரு மாடு நின்று என் மெத்தையை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. விரட்டினோம். பாதி போய்விட்டது. வேர்க்கொம்பை மாடு தொடவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு மலையில் இறங்கினோம். ஐயோ, அந்த இறக்கம்! பஸ்ஸுக்குள் வெயில், கீழே கால் வைத்ததும் மழை, கூடாரத்துக்கு நடக்குமுன் பனிப்புகார் வந்து முன்னால் நின்றவளை விழுங்கிவிட்டது. புஷ்பம் திடீரென்று, “மிஸ், வாயால புகை வருகுது!” என்று கத்தினாள். உடனே பன்னிரண்டு பேரும் ரெயில் எஞ்சின் மாதிரி ஊதத் தொடங்கினோம். ஊதி ஊதிச் சிரித்தோம். சிரித்து முடிந்தபோது பல் தந்தியடித்தது. இது அம்மாவின் குளிரும் இல்லை, பெரியப்பாவின் குளிரும் இல்லை. எல்லாப் பக்கத்தாலும் வந்தது.

“ஐந்து மணிக்குக் கொடியேற்றம். எல்லாரும் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வாங்க” என்று டொரீன் மிஸ்ஸின் குரல் கேட்டது. திரும்பினோம். கூடாரத்திலிருந்து அவர் வெளியே வருகிறார். கரும்பச்சைச் சுவெற்றர். இடது முழங்கையில் மண்ணிறத் துண்டு.

தன்னுடைய சுவெற்றரை, தன்னுடைய மேசையில், பன்னிரண்டு தரம் விரித்துப் பார்த்துப் பன்னிரண்டு சரி போட்டிருக்கிறார் இந்த மனுசி!

“கடலில மிதந்து வந்தது நல்லா சூடா இரிக்கி” என்றார் மிஸ்.

பிறகு தன் தகரப் பெட்டியைத் திறந்தார். குப்பென்று பூச்சி உருண்டை மணம். உள்ளே கறுப்புக் கறுப்பாகக் கோட்டுகள். “ஞாயிறு பின்னேரம் பன்னிரண்டு வீட்டுக்கும் போனன். உங்கட அப்பாமார் கலியாணம் முடிச்ச ஆக்கள்தானே? கலியாணக் கோட்டெல்லாம் நல்ல கம்பளி. அதை அலுமாரிக்குள்ள வச்சுக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறீங்க, விசரிகள்!” ஒன்பது அப்பாமாரின் கோட்டு. கோட்டில்லாத மூன்று வீட்டுக்கு மிஸ்ஸின் தம்பிமாருடையவை. வேட்டிக்கு மேல் அப்பா ஒரு நாள் மாப்பிள்ளையாகப் போட்ட அந்தக் கோட்டை நான் வருசம் தவறாமல் வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். அது உடுப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

என்னுடையதைத் தரும்போது மிஸ் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“அப்பா ஒண்டுதான் கேட்டார். ‘என்ர மகள் பொய் சொன்னவளா?’ எண்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க மிஸ்?”

“அப்பாட உடுப்பு கொண்டுபோறன் எண்டு சொன்னாள், அதை எடுக்கத்தான் வந்தன் எண்டு சொன்னன். போடு. போட்டா அது பொய்யில்ல.”

போட்டேன். கோட்டின் கை என் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. அழுதேன் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. பிறகு பன்னிரண்டு கறுப்பு மாப்பிள்ளைகள் கொடிக்கம்பத்தடியில் வரிசையாக நின்றோம். கொழும்புப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கொடியே பாதியில் நின்றது. நாங்கள் இன்னும் நிமிர்ந்து நின்றோம்.

மூன்றாம் நாள் விறகு பொறுக்கும்போது முள்ளுக்கம்பி மாட்டிக் கோட்டின் இடது கை கிழிந்துவிட்டது. முகாம் தையல் பெட்டியில் சிவப்பு நூல் மட்டும்தான் இருந்தது. கறுப்புக் கோட்டில் சிவப்பு நூலால், கொழுக்கி கொழுக்கியாகத் தைத்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். கிழிந்த கதையைச் சொன்னேன். சுவெற்றர் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தையலை விரலால் தடவிப் பார்த்தார். “குளிர் எப்பிடி?” என்று கேட்டார். நான் வாயால் புகை விட்டதைச் செய்து காட்டினேன். அப்பா சத்தமாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் முதல் கேட்டேன்.

அம்மா கறுப்பு நூலால் மாற்றித் தைக்கக் கேட்டுக்கொண்டே இருந்தா. அவர் கொடுக்கவில்லை. அந்தச் சிவப்புத் தையலோடு எத்தனையோ கலியாண வீட்டுக்குப் போய்வந்தார்.

டொரீன் மிஸ் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். புஷ்பத்தின் மாமாவின் லோன்றி இருந்த இடத்தைச் சூறாவளி துடைத்துவிட்டது. மற்ற வீட்டுக் கோட்டுகளும் அலுமாரிகளும் அப்படித்தான், ஒன்றொன்றாகத் தொலைந்து போயின. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் இப்போது பனி கொட்டுகிற நாடுகளில் இருக்கிறார்கள். ஆளுக்கு நாலைந்து கோட்டு வைத்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் மற்றவளிடம் இரவல் கேட்கத் தேவையில்லை.

அப்பா போனபோது அந்தக் கோட்டைத்தான் போட்டுவிட்டோம். சவப்பெட்டிக்குள் இடது கை மேலே கிடந்தது. சனம் பார்க்கும் என்று அம்மா பூமாலையை இழுத்து அந்தச் சிவப்பு நூலை மூடினா. நான் மாலையை விலத்தி விட்டேன்.

“விடுங்கம்மா. அது தெரியட்டும்.”