இரண்டு கண்ணி கூடுதல்

துபாயிலிருந்து வந்த மகன் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க அந்த வாசம் பரவியது. சோப்பும் அத்தரும் ஒட்டுநாடாவும் கலந்த வாசம். பெட்டிகளுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது, வாசம் மட்டும் அப்படியே வந்துகொண்டிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு செயின் வாட்சை எடுத்து என் கையில் மாட்டினான். அதன் பூட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் செயின் ஒரு நெல் நீளம் இளகுகிறது, திருப்பித் தள்ளினால் இறுகுகிறது.

“வெயில்ல கை வீங்குச்சுன்னா இத அழுத்துங்க, அத்தா. கையில கெடக்குறதே தெரியாது” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய முதல் செயின் வாட்ச் கையில்தான் கிடக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது கல்யாண வாட்ச். அப்போது தொண்டியில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் எப்படி இருப்பேன் என்றால், சட்டையைக் கொடியில் காயப்போட்டிருக்கிறதா, நான் நிற்கிறேனா என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் அண்ணன் சபுராளியாக, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவராக இருந்தால், மாப்பிள்ளைக்கு அவர்தான் வாட்ச் வாங்கி வர வேண்டும். சபையில் தன் கையாலேயே மாட்டியும் விட வேண்டும். அதற்கு அளவு வேண்டுமே. மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்து என் மணிக்கட்டில் தையல் நூலைச் சுற்றி, அளவுக்கு அறுத்துக்கொண்டு போனார். அதே நூல்கண்டில், பெண்ணுக்குக் கொலுசு வாங்குவதற்காக அவள் கணுக்காலையும் அளந்தார்கள். இரண்டு நூலையும் ஒரே கடிதத்துக்குள் மடித்துவைத்து, வெளிநாட்டில் இருந்த பெண்ணின் அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, பயணம் போகிற ஒருவரிடம் மாமி கொடுத்தனுப்பினார். எது எது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கையைவிடக் கால் பெரிது, இதைக்கூடவா எழுதுவார்கள் என்பது மாமியின் எண்ணம்.

மச்சானின் எண்ணம் வேறாக இருந்தது. பெண்ணைவிட ஆண் பெரிது, ஆகவே நீள நூல் மாப்பிள்ளைக்கு.

கல்யாணத்தன்று காலையில்தான் மச்சான் வந்து இறங்கினார். நிக்காஹ் முடிந்ததும் சபைக்கு நடுவில் என் இடது கையில் வாட்சை மாட்டினார். மாசக்கணக்கில் ஓவர்டைம் பார்த்து வாங்கியது, உயர்ந்த சாதனம். “மாப்புளைக்கு நல்ல வாட்டசாட்டமான கை போல. கடைச் செயின் பத்தாதுன்னு ரெண்டு கண்ணி கூடுதலா வாங்கிச் சேத்தேன்” என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன்.

துஆ கேட்டு இறைவனிடம் கை ஏந்தினோம். வாட்ச் சட்டைக்கைக்குள் முழங்கை வரை போய் இளைப்பாறியது. கையை இறக்கியதும் விரல் நுனிக்கு ஓடி வந்தது. பிறகு ஊரே வரிசையாக வந்து இரண்டு கையாலும் என் கைகளைப் பிடித்து ஸலாம் சொன்னது. ஜமாத் பெரியவர் ஒருவர் முறை வந்தபோது வாட்ச் என் கையை விட்டுவிட்டு அவர் கைக்குக் குடிபோய்விட்டது. அவர் பதறவில்லை. அதில் மணி பார்த்தார், “லுஹர் தொழுகைக்கு நேரமாச்சே” என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்னாலேயே ஓடிப்போய்க் கழற்றி வாங்கினேன். நல்லவேளை, மச்சான் பந்தியில் சஹன் சோற்றுத் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அன்று முழுக்க வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறேன். மாப்பிள்ளைக்கு என்ன அடக்கம் என்று பெண்வீட்டார் இன்றும் சொல்கிறார்கள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண் இருக்கும் அறைக்குள் என்னை விட்டார்கள். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், மடியிலிருந்து ஒரு கொலுசை எடுத்தாள்.

“இது காலுல ஏறல. கைய நீட்டுங்க.”

நீட்டினேன். கொலுசு என் மணிக்கட்டில் அச்சாகப் பொருந்தியது. அடுத்து என் வாட்சை வாங்கித் தன் கணுக்காலில் மாட்டிப் பூட்டினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது. நான் கொலுசும் அவள் வாட்சுமாக உட்கார்ந்திருக்க, மச்சான் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார்.

“என்னத்தா, அளவெல்லாம் சரியா இருக்கா?”

“கொஞ்சங்கூடப் பிசகலண்ணே” என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. எனக்கு அவளை அந்த நிமிஷத்தில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அண்ணன் மனசு நோகக் கூடாது, இதைச் சாகும்வரை சொல்லக் கூடாது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டோம். எங்கள் முதல் ஒப்பந்தம் அதுதான்.

கொலுசு பிரச்சினையில்லை. தட்டாரிடம் கொடுத்து நீட்டிக்கொண்டாள். தங்கச்சி காலை எந்த அண்ணன் உற்றுப் பார்க்கப் போகிறான்? வாட்சில்தான் வினை. பூட்டின் ஓரத்தில் இருக்கும் குட்டித் துளைகளில் ஊக்கால் குத்தி, கடைசித் துளை வரைக்கும் தள்ளிப் பார்த்துவிட்டேன். அப்போதும் உள்ளே இன்னொரு கை போகும். கண்ணியைக் கழற்றலாம் என்றால், மச்சான் லீவில் வந்ததும் முதல் காரியமாக என் கையைத் திருப்பி, மற்றதைவிடச் சற்றே மினுங்கும் அந்த இரண்டு கண்ணியையும் தடவிப் பார்ப்பார். ஆகவே அவர் ஊரில் இருக்கும் நாளெல்லாம் உள்ளே கைக்குட்டையை மடித்துவைத்துக் கட்டினேன். அவர் போனபின் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால், வாட்ச் சரிந்து வந்து தன் பங்குக்கும் இரண்டு எழுத்து அடிக்கும்.

மகனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் அம்மா எழுந்துபோய் பீரோவிலிருந்து பழைய வாட்சைக் கொண்டுவந்தாள். புதியதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். கையை உதறினேன். நகரவில்லை. துஆவுக்கு ஏந்துவதுபோல் தூக்கிப் பார்த்தேன், அங்கனயே நின்றது. இருபத்தெட்டு வருஷம் அவள் ஆக்கிப்போட்டதில், மச்சான் மனசில் நினைத்திருந்த மாப்பிள்ளையாகவே ஆகிவிட்டேன்.

இப்போது யாரும் நூலில் அளவு அனுப்புவதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். கையைத் திருப்பிக் கண்ணியைத் தடவிப் பார்க்க மச்சானும் இல்லை. அவர் மவுத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இன்றைக்கு அவர் முன்னால் போய், கைக்குட்டை இல்லாமல் இரண்டு கையையும் நீட்டியிருப்பேன்.