இறங்கச் சொல்லாமல் விட்டேன்

தர்மபுரத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒருநாள் வீட்டுக்கணக்குச் செய்யாத ஒரு சிறுமியை, "நான் சொல்லுமட்டும் இறங்கக்கூடாது" என்று அவள் இருக்கிற வாங்கின்மேல் ஏற்றி நிற்கவிட்டேன்.

சற்று நேரத்தில் குண்டுபோடும் கிபிர் விமானம் இரைந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பங்கர் குழிக்குள் ஓடினேன். எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது. பதறித் திரும்பி ஓடினேன். வெறும் வகுப்பில் அவள் காதைப் பொத்தியபடி வாங்கில் நின்றாள்.

"ஏன் பிள்ளை ஓடி வரேல்லை?"

"நீங்கள் இறங்கச் சொல்லேல்லையே, ரீச்சர்."

குண்டு வேறெங்கோ விழுந்ததால் தப்பினோம். என் கெட்டித்தனத்தால் அல்ல.

இப்போது ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் பாடம் இதுதான். ஒரு பிள்ளை விமானம்போல இரையும். நான் "எழும்பக்கூடாது, இருங்கோ!" என்று அதட்டுவேன். அதைக் கேளாமல் எல்லோரும் பங்கருக்கு ஓடவேண்டும். என் சொல் கேட்டு இருந்துவிடுகிற பிள்ளையைத்தான் மறுபடியும் பழக்குகிறேன்.