லேத்தில் கடைந்த பிரேக் டிஸ்க்

ராஜபாளையத்தில் சிறிய நூற்பாலை நடத்துகிறேன். ஆசைக்காகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தேன். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. முன்சக்கரங்களின் துளை போட்ட டிஸ்க்குகள் தேய்ந்து, வரி விழுந்திருந்தன. புதியது வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். எனக்குப் பொறுமையில்லை. ஆலையின் லேத்தில் கொடுத்து, வரி போகக் கடையச் சொன்னேன்.

எங்கள் ஃபிட்டர் முருகேசன் அளந்து பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“மொதலாளி, கனம் இருபத்தாறு மில்லிக்குக் கீழ போகக் கூடாதுன்னு டிஸ்க்குலயே அடிச்சிருக்கு. கடைஞ்சா இருபத்துமூணுதான் மிஞ்சும். வேண்டாம்.”

“மில்லுல எம்புட்டு ரோலரைக் கடைஞ்சு ஓட்டுதோம்? இதுக்கு என்ன வந்துச்சு? போடுங்க,” என்றேன்.

கடைந்ததும் உதறல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தாம் நாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேகமாகப் போனேன். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே பிரேக்கை அழுத்தினேன். வலது டிஸ்க் துளைகளின் வழியே பிளந்து உடைந்தது. கார் இடப்பக்கம் இழுத்து, ஓரமாகப் போன பால்காரரின் சைக்கிள்மேல் ஏறியது.

அவருடைய ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போய் நின்றேன்.

“ஆரன் அடிச்சீகளே தம்பி, பிரேக்கைக் கொஞ்சம் பிடிச்சிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

பிடித்தேன்; பிடித்ததில்தான் டிஸ்க் உடைந்தது.

இப்போது எந்த வண்டியானாலும் டிஸ்க்கில் அடித்திருக்கும் அளவை முதலில் படிக்கிறேன். அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டால், புதியது வரும்வரை வண்டி நகராது. ஆலையிலும் முருகேசன் வேண்டாம் என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். அன்றும் அவர் அளந்துதான் சொன்னார்.