எங்கள் ஊர்ப் பெயரை விலைக்குப் போட்டவன்

வெறும் காலில் ஏசி தரையின் சில்லிப்பு...

காரைக்கால் பிரவுசிங் சென்டர் என்றதும் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் படுத்துவிடும் என்பது முதலாளி சாதிக் நானாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. உள்ளே புது பிளைவுட் வாசமும் நானாவின் அத்தர் வாசமும் கலந்து அடிக்கும்.

டிகிரி முடித்த கையோடு நெடுங்காட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்த என் முதல் வேலை. மெயில் ஐடி திறந்து கொடுப்பது, ரிசல்ட் பார்த்துச் சொல்வது, துபாய்க்கு பயோடேட்டா அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. நானா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் நானாதான்... எனக்கும்.

அவர் பல வருஷம் சவுதியில் இருந்தவர். அங்கே ஆபீஸில் இன்டர்நெட் வந்த அன்று எல்லோரும் என்னென்னவோ தேட, இவர் நம் ஊர்ப் பெயரை அடித்துப் பின்னால் டாட் காம் போட்டிருக்கிறார். பீச்சாவது பஸ் ஸ்டாண்டாவது தெரியாதா என்ற ஏக்கம். வந்ததோ சூதாட்ட விளம்பரம். கீழே, இந்தப் பெயர் விற்பனைக்கு என்று ஒரு வரி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

"அன்னைக்குப் பட்ட அவமானம் இருக்கே புள்ள... எவனோ ஒருத்தன் நம்ம ஊரு பேர புடிச்சு வச்சுக்கிட்டு சூதாட்டம் நடத்துறான். வெளிநாட்டுல கெடக்குற நம்ம புள்ளைங்க ஊரு நெனப்புல தட்டுனா இதத்தான் பாக்கணுமா?"

அவர் ஊருக்கு வந்து கடை போட்டதே பாதி இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். எப்படியாவது அந்தப் பெயரை மீட்க வேண்டும்.

அதற்கு வழி உண்டா என்று நெட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். சில நாடுகளே தங்கள் பெயரில் உள்ள டாட் காமுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. கம்பெனி என்றால் டிரேட்மார்க்கைக் காட்டிப் புகார் கொடுக்கலாம். ஊருக்கு டிரேட்மார்க் ஏது? முந்தியவன் கையில் பெயர். இதைச் சொன்னதும் நானாவின் முகம் தொங்கிவிட்டது.

ஆனால் மறுநாளே தெளிந்துவிட்டார்.

"பிரெஞ்சுக்காரன்கிட்டேருந்து ஊரையே வாங்கிட்டோம். பேர வாங்க முடியாதா? என்ன வெலன்னு கேளு."

கேட்டேன். அந்த ஆள் ஒரு தொகை சொன்னான். பெரிய தொகைதான், ஆனால் நானா முக்கி முனகிப் புரட்டிவிடக்கூடிய தொகை. கொஞ்சம் குறைக்கச் சொல்லி மெயில் எழுத உட்கார்ந்தோம். அங்கேதான் கெட்டது காரியம்.

நானா மீன் வாங்கி நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! திருவேட்டக்குடியிலிருந்து கூடை வந்து இறங்கினால், துள்ளுகிற மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, நேத்து மீனா?" என்று மூஞ்சியைச் சுளிப்பார். வேண்டாம் என்று திரும்பி நாலு எட்டு நடப்பார். அந்த அம்மாவே கூப்பிட்டுக் கொடுக்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், ஊர் என்று வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"சாதாரண ஊருன்னு நெனச்சிடப் போறான். சனிப்பெயர்ச்சிக்கு திருநள்ளாறுல லட்சக்கணக்குல கூடுவாங்கன்னு எழுது."

எழுதினேன். தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மாங்கனித் திருவிழாவ விட்டுட்டீங்களே!" இன்னொருவர், "ஹார்பர் வரப்போவுதுன்னு சேருங்க." பிரான்சில் இருக்கும் மகனோடு பேச வந்த பெரியவர், பாதிப் பேச்சில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "பாரீஸ்ல நம்மாளுங்க எத்தன பேரு இருக்காங்க, அதையும் போடும்மா" என்றார். கடையே கூடி எழுதிய மெயில் அது. எங்களுக்கு அவ்வளவு பெருமை.

பதில் வந்தது. இவ்வளவு பெரிய ஊர் என்று தெரியாமல் குறைத்துச் சொல்லிவிட்டானாம். விலை மூன்று மடங்கு ஏறியிருந்தது.

நானா வாசலில் போய் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "இனிமே ஒரு வரி எழுதாத. வேணாம்னு நடந்து போறோம்" என்றார்.

நடந்துகொண்டே இருந்தோம். அவனிடமிருந்து இரண்டு மெயில் வந்தது, பதில் போடவில்லை. அந்த டொமைன் பெயரை அவன் வருஷா வருஷம் புதுப்பித்தாக வேண்டும், மறந்தால் போச்சு. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று எங்கள் அப்பா போய்ப் பார்ப்பது போல, கடை திறந்ததும் அவன் புதுப்பித்தானா என்று பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலை. ஒரு வருஷம் புதுப்பித்தான். அடுத்த வருஷமும் புதுப்பித்தான்.

அதற்கடுத்த வருஷம், அந்தப் பெயரை யாரும் எடுக்கலாம் என்று ஒரு காலை திரையில் வந்தது. நானாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பதிந்தேன். பதிந்து முடித்ததும் நானா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நானும் அழுதேன்.

ஊர்ப் பெயருக்கு எந்த ஸ்பெல்லிங் என்று இங்கே எழுத மாட்டேன்... உடனே போய்த் தட்டிப் பார்ப்பீர்கள்! பீச் படம் ஒன்று, கீழே "வாங்க, இது நம்ம ஊரு." அவ்வளவுதான் முதல் பக்கம். குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அந்தப் பக்கத்துக்கு வந்து எழுதினார்கள், சண்டை போட்டார்கள், மாங்கனிப் படம் எங்கே என்று திட்டினார்கள்.

இப்போது யார் டாட் காம் அடிக்கிறார்கள்? போனைத் தொட்டால் பஸ் ஸ்டாண்டிலிருந்து பிரியாணிக் கடைவரை வீடியோவாக வந்து விழுகிறது. அந்தக் கடையும் இல்லை. அந்த இடத்தில் நானாவின் மகன் போன் கவர் விற்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன். அந்தப் பெயருக்கு வரும் மெயிலை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் யாரோ ஒருவர் அதை விலைக்குக் கேட்டு எழுதியிருந்தார். நல்ல விலை. நானாவுக்குப் போன் போட்டேன்.

"குடுத்துடலாமே நானா... இப்பல்லாம் யாரு தட்டுறாங்க?"

நானா உடனே மறித்தார்.

"வெல கேட்டா விக்கிறதுக்கு இல்லன்னு எழுதாத புள்ள, அதுக்கும் மேல போட்டுக் கேப்பான். வீட்டுல ஆளு இருக்கோம்னு எழுது."

ஆங்கிலத்தில் அந்த வரி எனக்கு எப்படி எழுதியும் சரியாக வரவில்லை. தமிழிலேயே அனுப்பிவிட்டேன்.