ஜன்னலடியில் நான்கு தடங்கள்

டெய்லரம்மாவின் ஆக்சிஜன் குழாய் படுக்கையறையிலிருந்து கூடம் வரைக்கும் வரும். ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினுக்கு மட்டும் மூன்று சாண் எட்டாது.

"மெஷினை உன் கட்டில்கிட்ட கொண்டு வந்துடறேன்," என்றார் கணவர்.

"அது ஏன் வரணும்? அதுக்கா மூச்சு வாங்குது? நான்தான் போகணும்."

வாங்கி வந்த பாக்கெட்டுக்குள் சுருண்டு கிடந்த பழக்கம் குழாயை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எட்டவில்லை என்று அவர் முடிவு கட்டினார். தினமும் காலையில் வெந்நீரில் பிழிந்த துணியால் சுருளை நீவிவிட்டார். எங்காவது மடங்கினால் காற்று நின்றுவிடுமே என்று விரல் பட்டும் படாமலும் நீவினார்.

முதல் வாரம் ஒரு சாண் கூடியது. அடுத்த வாரம் இன்னொரு சாண். "பாத்தியா, எப்படி நீளுது!" என்று மீசையை முறுக்காத குறைதான்.

மூன்றாம் வாரம் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தேவிட்டாள். ஆசையாகச் சக்கரத்தில் கை வைத்தாள். ஆனால் ஜன்னல் வெளிச்சம் ஊசிமேல் விழவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஜன்னலடியில், மெஷின் கால்கள் முப்பது வருஷம் அழுத்திய நான்கு தடங்கள் காலியாகக் கிடந்தன. மதியம் அவள் கண்ணயரும்போதெல்லாம் மெஷின் நகர்ந்திருக்கிறது.

கணவர் காய்ந்துபோன துணியை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தார்.

அவள் கோபப்படவில்லை. அதற்கும் மூச்சு வேண்டும்.

"நாளைக்கு இதைப் பழைய இடத்துலயே வச்சிடுங்க."

"அப்புறம் உனக்கு எட்டாதேம்மா."

"எட்டலைன்னா பரவால்ல. அங்க இருந்தாத்தான் எந்திரிச்சுப் போகணும்னு தோணுது."