இருமுனை அம்பு

வகுப்பின் கடைசி வரிசையில், பாடங்களைக் கண்காணிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக் குழுவின் கொர்ஷ்கோவ் உட்கார்ந்திருந்தார். செய்முறை உதவியாளர் ஃபரீதா, குடுவைகளை மேசையில் வைக்கிற சாக்கில் வேதியியல் ஆசிரியை ஸினயீதாவின் காதருகே குனிந்தாள்.

"ஸினா, இன்னிக்கு பென்சீன். கையைக் கட்டிக்கிட்டுப் பாடம் எடு."

"அப்போ சாக்பீஸை வாயிலயா பிடிக்கிறது?"

1951, கஸான் நகரம். வேதிப் பிணைப்பைக் குவாண்டம் கொள்கையால் விளக்கிய அமெரிக்கப் புத்தகம் ரஷ்ய மொழியில் வந்தபோது, ஸினயீதா லிவோவ்னா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவள். இப்போது அது முதலாளித்துவ நஞ்சு. காகிதத்தில் மட்டும் இருக்கும் வடிவங்களை உண்மை என்று காட்டுகிறதாம். அதைக் கைவிட மறுத்த சக ஆசிரியர் சாஃபினுக்குப் போன மாதம் வேலை போயிற்று.

பாடம் ஒழுங்காகத்தான் போனது. ஓர் அறுகோணம் வரைந்தாள். இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றிப் பக்கத்தில் இன்னொன்று. பழகிய கை அதோடு நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே, அந்தப் புத்தகத்தின் கொள்கைக்கே அடையாளமான இருமுனை அம்பையும் போட்டுவிட்டது.

வகுப்பில் பேனாக்கள் நின்றன.

"அது என்ன குறி, ஸினயீதா லிவோவ்னா?" கொர்ஷ்கோவின் குரல் சாதுவாக இருந்தது.

ஃபரீதா ஈரத்துணியை எடுத்தாள். ஸினயீதா கண்ணால் தடுத்தாள். துடைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"தப்பான கொள்கை, தோழர். கண்டிக்கிறதுக்காகத்தான் போட்டேன்."

"அப்போ விளக்குங்க. எதைக் கண்டிக்கிறோம்னு பசங்களுக்குத் தெரியட்டும்."

விளக்கினாள். மூலக்கூறு ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. அதன் நிலை ஒன்றே. ஒரே படத்தில் அடங்காததால்தான் இரண்டு படம். ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம் என்று அளந்து கண்டதையும் விடவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் 'என்பது அவர்கள் வாதம்' என்று ஒட்டினாள்.

"ஒரு தப்புக்கு இவ்வளவு ஆதாரமா?" என்றார் கொர்ஷ்கோவ்.

"எதிராளியைச் சோப்ளாங்கியாக் காட்டினா பசங்க ஏமாந்துடுவாங்க, தோழர்."

அவர் பலகையைச் சுட்டினார். "சரி. அடிச்சுக் காட்டுங்க."

அம்பின் குறுக்கே கோடு இழுத்தாள். சாக்பீஸ் முறிந்தது. மாணவர்கள் அந்தக் கோட்டையும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கொர்ஷ்கோவ் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

மறு ஆண்டு முதல் 'தவறான கொள்கையின் விமர்சனம்' என்று தனி வகுப்பே ஒதுக்கினார்கள். அவளேதான் எடுத்தாள், ஒன்றையும் விடாமல்.

காலம் மாறி, அந்த அம்பை யாரும் தடுக்காத நாட்களிலும் அவள் கை அதை வரைந்ததும் குறுக்கே அடித்துவிடும். ஃபரீதா எழுந்து வந்து, விரல் நுனியால் குறுக்குக் கோட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போவாள்.